உப்புக்காற்றில் எத்தனை மாரி தாங்கும்? வீட்டுச் செலவைக் குறைக்கும் சாமான்கள், வருடக்கணக்கில் பாவித்த பிறகு

இத்தனை யூனிட் மிச்சம், இத்தனை மாதத்தில் போட்ட காசு திரும்பும் என்பதுதான் கடையில் சொல்லும் கணக்கு. கிழக்கிலங்கையில் கல்லடி, நாவலடி, காத்தான்குடி, கல்முனை, நிந்தவூர் என்று கடலை அண்டிய மணல் திட்டியில் வீடு உள்ளவர்களுக்கு அந்தக் கணக்கு பாதிதான் பொருந்தும். காசைத் திருப்பித் தர ஒரு சாமானுக்கு மூன்று வருடம் வேண்டும், உப்புக்காற்று அதை இரண்டாவது மாரியிலேயே அரித்துவிடும் என்றால் அது மிச்சமே இல்லை. அதே சாமான் மட்டக்களப்பு வாவிக்கு அப்பால், படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் நிம்மதியாக ஓடும். கீழே உள்ளது கடல் பக்கத்து எழுவான்கரைக்கான கணக்கு.

மின்சாரம் முதலில். மின்சார சபையின் வீட்டுக் கட்டணத்தில் 60 யூனிட் ஒரு கோடு. மாதப் பாவனை அதைத் தாண்டினால் முதல் 60 யூனிட்டுக்கும் குறைந்த விலை போய்விடும், நிலையான கட்டணமும் ஏறும். அதற்கு மேல் 90, 120, 180 என்று படி படியாக யூனிட் விலை கூடும். ஆகவே மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு யூனிட்டும் உங்கள் பில்லின் கடைசி யூனிட், அதாவது விலை கூடிய யூனிட். 130இல் இருந்து 115க்கு வருவது பார்க்கச் சின்னது, பில்லில் அப்படியில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மீட்டரைப் பார்த்துக் கலண்டரில் எழுதிவைத்தால் போதும், எந்த வாரம் எகிறியது என்று தெரிந்துவிடும்.

பெரும்பாலான வீடுகளில் எகிற வைப்பது கிணற்று மோட்டர். இதை யாரும் சந்தேகிப்பதில்லை, லைட்டை அணைக்கச் சொல்லித்தான் பிள்ளைகளைத் திட்டுவோம். அரை எச்பி மோட்டர் சுமார் 550 வாட் இழுக்கும். நிமிடத்துக்கு 30 லீட்டர் தந்தால் 1000 லீட்டர் தாங்கி முக்கால் மணிக்குள் நிரம்பும், செலவு யூனிட்டில் மூன்றில் ஒன்று. அதே மோட்டர் உறிஞ்சும் பக்கம் காற்று இழுத்து நிமிடத்துக்குப் பத்து லீட்டர்தான் தருகிறது என்றால் நூறு நிமிடம் ஓட வேண்டும், கிட்டத்தட்ட 0.9 யூனிட். நாளுக்கு ஒரு தாங்கி என்றால் மாதத்துக்கு 15 யூனிட்டுக்கு மேல் சும்மா போகிறது. ஒரு வாசருக்கும் கொஞ்சம் பிவிசி பசைக்கும் ஆகும் காசு இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

சோதிப்பது இப்படி. இரவு மோட்டரை நிறுத்திவிட்டு, காலையில் போடுவதற்கு முன் தண்ணீர் ஊற்றும் மூடியைத் திறவுங்கள். தண்ணீர் விளிம்பு வரை நின்றால் எல்லாம் சரி. இறங்கியிருந்தால் ஃபுட் வால்வு (உறிஞ்சும் குழாயின் அடிமுனையில், தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வு) கசிகிறது, அல்லது கிணற்றுக்குள் போகும் குழாயில் ஒரு பொருத்து விட்டிருக்கிறது. பொருத்து என்றால் மோட்டர் நிற்கும்போது அந்த இடம் ஈரமாக வியர்த்திருக்கும். மோட்டர் ஓடும்போது அதே இடத்தில் ஒரு கோப்பைத் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். சத்தம் மாறி, தாங்கியில் விழும் தண்ணீரில் குமிழி நின்றால் ஆள் பிடிபட்டார்.

ஃபுட் வால்வு கெடுவதற்கு எங்கள் பக்கம் ஒரே காரணம், மணல். வால்வு கிணற்றின் அடியில் குந்தியிருக்கும், நாலு மணல் பருக்கை நாக்குக்கும் இருக்கைக்கும் நடுவில் போய் உட்கார்ந்தால் அது முழுதாக மூடாது. அடியில் இருந்து ஒன்றரை அடி உயர்த்தி, நைலோன் கயிற்றால் கட்டித் தொங்க விடுங்கள். கச்சான் காற்றுக் காலத்தில் கிணறு வற்றும்போதும் வால்வுக்கு மேல் ஓர் அடித் தண்ணீர் இருக்க வேண்டும், இல்லையென்றால் சுழியாகச் சுழன்று காற்று உள்ளே போகும். மணல் வராமல் இருக்க வால்வைச் சுற்றி நுளம்பு வலை கட்டுகிறார்கள். அது வேண்டாம். இரண்டு மாதத்தில் வலையில் பாசி பிடித்து, மோட்டர் மூச்சு முட்டி ஓடும்.

தண்ணீர் இல்லாமல் சில நிமிடம் ஓடினால் உள்ளே இருக்கும் சீல் கருகும். அச்சுப் பக்கம் சொட்டுச் சொட்டாகக் கசியத் தொடங்கும்போதே சீலை மாற்றினால் சின்ன வேலை. ‘சொட்டுத்தானே’ என்று விட்டால் அந்த உவர்த்தண்ணீர் பெயரிங்குக்குள் போகும், பிறகு அரைக்கும் சத்தம், பிறகு மோட்டரின் கம்பிச் சுருள் எரியும். மோட்டர் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் உடனே நிறுத்திவிட்டுக் கப்பாசிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். பழையதில் எழுதியிருக்கும் அதே அளவுதான் போட வேண்டும். மழைக்கு என்று பொலித்தீன் சுற்றிக் கட்டுவது நல்ல எண்ணம், கெட்ட பலன். உள்ளே வியர்த்து வயர் முனைகள் பச்சை பூக்கும். ஆறு அங்குல சீமெந்து மேடை, மேலே சின்னக் கூரை, நான்கு பக்கமும் காற்று, அவ்வளவுதான். மாலை ஆறரைக்கும் பத்தரைக்கும் இடையில் வோல்டேஜ் விழும் இடங்களில் மோட்டர் சூடேறும், காலையில் போடுங்கள்.

பெரிய மோட்டர் வேகமாக நிரப்பும் என்று ஒரு எச்பி வாங்குவது மணல் திட்டியில் பிழையான முடிவு. இங்கே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு படையாக மிதக்கிறது. வேகமாக இறைத்தால் கீழே உள்ள உப்பு மேலே ஏறும். 2004 சுனாமிக்குப் பின் கிணறுகளைச் சுத்தமாக்க அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு கூடும் என்று எச்சரித்ததும் இதனால்தான். அரை எச்பி போதும், ஒரே மூச்சில் இறைக்காமல் காலையில் பாதி, பின்னேரம் பாதி என்று பிரித்தால் இன்னும் நல்லது.

அடுத்தது பிஎல்டிசி ஃபேன், அதாவது பிரஷ் இல்லாத டிசி மோட்டரில் ஓடும் சீலிங் ஃபேன். சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 70, 75 வாட் எடுக்கும், இது 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் மாதம் 16 யூனிட் மிச்சம், ஒரு ஃபேனுக்கு. கச்சான் வீசும் மாதங்களில் இரவும் பகலும் ஓடுவதால் இன்னும் கூடும். ஆகவே முதலில் மாற்ற வேண்டியது அதிகம் ஓடும் ஃபேன். வருடத்தில் நாலு தரம் ஆள் வரும் முன் அறைக்கு இதை வாங்கி மாட்டுவது வீண் செலவு.

குறை இதன் மூளையில். சுற்றும் பகுதி வருடக்கணக்கில் ஓடும், உள்ளே இருக்கும் சர்க்கிட் பலகைதான் முதலில் போகும். காரணம் மூன்று. ஒன்று, பழைய ரெகுலேட்டரைக் கழற்றாமல் அதன் வழியாகவே இணைப்பது. இதற்கு ரெகுலேட்டர் ஆகாது, நேரடி சுவிட்ச் வேண்டும். இரண்டு, இடி. ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் இடி முழங்கத் தொடங்கினால் ரிமோட்டில் நிறுத்துவது போதாது, சுவர் சுவிட்சையும் நிறுத்துங்கள். மூன்றாவது பல்லி. மேலே கிண்ணம் போன்ற மூடிக்கும் சீலிங்குக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி இருக்கும், பலகை அங்கே வைக்கப்பட்ட மொடல்களில் இளஞ்சூட்டுக்குப் பல்லி உள்ளே போய்க் குறுக்காகப் படுத்துவிடும். பலகையும் போச்சு, பல்லியும் போச்சு. அந்த இடைவெளியில் சின்னக் கண் பிளாஸ்டிக் வலையை வெட்டி வளையமாகச் செருகினால் காற்றும் போகும், பல்லியும் போகாது. டேப் ஒட்டி முழுக்க அடைத்தால் சூடு தங்கும். வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பலகை தனியாக மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கிடைக்குமா? கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்று பதில் வந்தால் வேறு ஃபேனைப் பாருங்கள். அதோடு வரும் இரும்பு ஸ்குரூவை அப்போதே துருப்பிடிக்காததாக மாற்றிவிடுங்கள்.

பிரிட்ஜுக்குப் புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை. ஒரு தாளைக் கதவுக்கு நடுவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், லேசாக வந்துவிட்டால் றப்பர் போய்விட்டது. சவர்க்காரத் தண்ணீரில் கழுவியும் பிடிக்கவில்லை என்றால் றப்பரை மட்டும் மாற்றலாம். பின்பக்கம் நாலு அங்குலம் சுவரை விட்டு வையுங்கள். எல்இடி பல்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, மூடிய கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டால் சூட்டில் சீக்கிரம் போகும். தோட்டத்துச் சோலர் லைட் அழகுக்கு மட்டும்.

மழைநீருக்கு வருவோம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லீட்டர். 50 சதுர மீட்டர் ஓட்டுக்கூரையில், வழியில் போவதைக் கழித்தால், 25 மி.மீ. மழை 1000 லீட்டர் கறுப்புத் தாங்கியை நிரப்பும். மாரியில் அது ஒரே இரவில் பெய்துவிடும். பீலிக்கு மீட்டருக்கு ஒரு சென்ரிமீட்டர் சாய்வு வேண்டும், குறைந்தால் இலை தங்கி நுளம்பு பெருகும். முதல் மழை கூரையில் படிந்த உப்பையும் காக எச்சத்தையும் கொண்டு வரும், அது தாங்கிக்குள் போகக்கூடாது. இறங்கும் குழாயில் ஒரு டீ (T வடிவப் பொருத்து) போட்டு, மூன்று மீட்டர் நான்கு அங்குலக் குழாயை அடி மூடிச் செங்குத்தாக விட்டால் முதல் 25 லீட்டர் அதில் நிற்கும், பிறகு வருவது தாங்கிக்குப் போகும். அடி மூடியில் ஊசித்துளை போட்டால் அடுத்த மழைக்குள் தானாக வடியும். அந்தத் துளை அடைபடும், வாரம் ஒருதரம் குத்திவிட வேண்டும். இதை மறந்த வீடுகளில்தான் ‘மழைத்தண்ணீர் நாறுது’ என்று கேட்பீர்கள். நிரம்பிய தாங்கி ஒரு தொன் பாரம், மணலில் கல் அடுக்கி வைத்தால் சரியும், சீமெந்துத் தளம் போடுங்கள். அஸ்பெஸ்டஸ் சீற் கூரைத் தண்ணீர் குளிக்க, துவைக்க மட்டும். மிச்சம் என்ன என்றால் மோட்டர் ஓடாத நாட்களும், உவர்த் தண்ணீரில் ஆகும் சவர்க்காரத்தில் பாதியும்.

குசினியில் காசே போடாத ஒன்று மீன் பெட்டி. மீன் வரும் ரிஜிபோம் பெட்டி சூட்டை வெளியே விடாது, அடுப்பை அணைத்த பிறகும் சோறு அதற்குள் வேகும். பெட்டிக்குள் அடியிலும் சுற்றிலும் பழைய போர்வை. நாட்டரிசியை வழக்கத்தை விடக் கொஞ்சம் குறைந்த தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்க விட்டு, மூடியோடு பானையை உள்ளே இறக்கி, மேலும் போர்த்தி மூடி, முக்கால் மணி விடுங்கள். கேஸ் எரியும் நேரம் பாதிக்கு மேல் குறையும். போர்வை இல்லாமல் நேரே வைத்தால் கொதிபானை ரிஜிபோமை உருக்கி அடியில் வட்டமாகக் குழி பறிக்கும். ஒரு சுண்டு அரிசிக்கு இது சரிவராது, சூடு தங்காது, குறைந்தது மூன்று சுண்டு வேண்டும். திறந்த பிறகு அதற்குள்ளேயே இரவு வரை விட்டால் சோறு பழுதாகும். கொண்டல் காற்று வீசும் காலத்தில் கடலை, சோளம் எல்லாம் ஊறவைத்து இதே மாதிரி செய்யலாம், கொதிக்கும் நேரத்தை மட்டும் கூட்டுங்கள். பெட்டியைத் தேசிக்காய் தேய்த்துக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காய வைக்க வேண்டும். அதற்குப் பிறகும் சூரை வாடை போகவில்லை என்றால் அது சூரைக்குத்தான், சோற்றுக்கு வேறு பெட்டி பாருங்கள்.