உடைந்த பொருளின் படம் வந்ததும் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்

மண் கோப்பைகள் செய்து ஆன்லைனில் விற்கிறேன். போன மாதம் ஒருவர் ஆறு கோப்பை வாங்கினார். பார்சல் கிடைத்த மறுநாளே ஒரு படம் அனுப்பினார். அட்டைப்பெட்டிக்குள் எல்லாமே சுக்குநூறு, ஒரு சில்லை எடுத்துக் காட்டும் கை. பதறிவிட்டேன்.

ஆனாலும் சும்மா நம்பிவிடவில்லை. ஏஐ (செயற்கை நுண்ணறிவு) உருவாக்கிய படமென்றால் விரலும் எழுத்தும் கோணலாக இருக்கும் என்பார்களே, அதனால் பெரிதாக்கிப் பார்த்தேன். விரல்கள் ஐந்தும் சரியாக இருந்தன, பெட்டியில் இருந்த எழுத்து சிதையவில்லை, நிழலும் ஒரே பக்கம் விழுந்திருந்தது. ஏஐ படங்களைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் ஒரு தளத்தில் போட்டேன், நிஜப்படம் என்றது. சரி என்று முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டேன்.

மூன்று நாள் கழித்து, சூளையில் வெடித்த கோப்பை ஒன்றைக் கையில் எடுத்தபோதுதான் பொறி தட்டியது. நான் செய்வது செம்மண்ணில், மேலே மட்டும்தான் வெள்ளைப் பூச்சு. உடைந்தால் உள்ளே செங்கல் நிறம் தெரியும். அந்தப் படத்திலோ உடைந்த விளிம்பெல்லாம் பால் வெள்ளை! என் விற்பனைப் படத்தையே ஏஐயிடம் கொடுத்து உடைத்துக் காட்டச் சொல்லியிருக்க வேண்டும். உள்ளே இருப்பது என்ன மண் என்று அதற்கு எப்படித் தெரியும்? கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை, அந்தக் கணக்கையே காணோம்.

விரல் எண்ணிக் கண்டுபிடித்த காலம் போய்விட்டது. 2022இல் சோஃபி நைட்டிங்கேல், ஹானி ஃபரீத் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், முகப்படங்களில் எது நிஜம், எது கணினி உருவாக்கியது என்று கேட்டதற்கு மக்கள் சரியாகச் சொன்னது சுமார் 48 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 வரும். போலி முகங்கள்தான் கொஞ்சம் கூடுதல் நம்பிக்கையையும் பெற்றன.

பணம் போனதைவிட அடுத்து நான் செய்ததுதான் உறுத்துகிறது. கைப்பிடி உடைந்த படத்தை ஒரு அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதே தளம் போலி என்றது. படம் எடுத்த தேதி விவரம்கூட இல்லையே என்று வாதாடினேன். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரம் அழிந்துவிடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அவர் கோபப்படாமல் வீடியோ காலில் வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் சில்லைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். செங்கல் நிறம்.

இப்போதெல்லாம் யாராக இருந்தாலும் வீடியோ காலில்தான் பார்க்கிறேன். உடைந்த விளிம்பையும், கோப்பையின் அடியில் நான் குத்தும் முத்திரையையும் காட்டச் சொல்கிறேன். அந்த முத்திரை என் விற்பனைப் படம் எதிலும் கிடையாது. உங்கள் பொருளிலும் அப்படி ஒரு இடத்தை வெளியே காட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கான புதுக் கோப்பை நேற்றுச் சூளையிலிருந்து இறங்கியது, இன்று அனுப்புகிறேன்.