மணிமுத்தாறு ஒருநாள் சுற்றுலா: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

திருநெல்வேலியிலிருந்து மணிமுத்தாறு அணை, அருவி, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் எல்லாம் ஒரே நாளில் என்று வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. அதை நம்பிக் குடும்பத்தோடு போய் ஏமாந்தோம். தலைக்கு 950 ரூபாய், வனத்துறைக் கட்டணமும் மதியச் சாப்பாடும் அதிலேயே அடக்கம் என்று சொல்லி முழுப் பணத்தையும் முன்கூட்டியே ஜிபேயில் வாங்கிக்கொண்டார்கள்.

செக்போஸ்டில் வண்டி நின்ற பிறகுதான் அருவியில் குளிக்கத் தடை என்று தெரிந்தது. மலையில் மழை பெய்தால் தடை போடத்தான் செய்வார்கள், அதில் வனத்துறையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் கோபம் வேறு. தடையை முந்தின நாள் சாயங்காலமே அறிவித்துவிட்டார்கள். சுற்றுலா நடத்துகிறவருக்குப் போன் போட்டால், "தெரியும் சார், காலையில எடுத்துருவாங்கன்னு நெனச்சோம்" என்கிறார். அதே ஆள்தான் ராத்திரி, "அருவிக் குளியலுக்கு மாற்றுத்துணி மறக்காதீர்கள்" என்று மெசேஜ் அனுப்பியவர்.

சரி, தூரத்திலிருந்து பார்த்துவிட்டாவது வரலாம் என்றால், நுழைவுக் கட்டணத்தை எங்களையே கட்டச் சொன்னார்கள். மாஞ்சோலைக்கு அனுமதியே வாங்கவில்லை. அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற இடம். முன்னாடியே வனத்துறையிடம் அனுமதி வாங்காமல் மேலே விடமாட்டார்கள். விளம்பரத்தில் தேயிலைத் தோட்டத்துப் படத்தைப் பெரிதாகப் போடத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

இதுவரை நடந்ததெல்லாம் பணத்தோடு போயிற்று. அடுத்து நடந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. பிள்ளைகள் முகம் வாடியதைப் பார்த்து டிரைவர் வண்டியைத் திருப்பி, அணைக்குக் கீழே ஒரு மண்பாதையில் விட்டார். முள்செடிகளுக்கு நடுவே ஓர் இறக்கம், கீழே ஆறு. "இங்க எறங்கிக் குளிங்க அண்ணாச்சி, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ" என்றார். பத்தடி தள்ளி, தண்ணீர் எந்த நேரமும் திறந்துவிடப்படும், இறங்கக் கூடாது என்று பலகை இருக்கிறது. பாறை முழுக்கப் பாசி. வேனில் வந்த இரண்டு பையன்கள் சட்டையைக் கழற்றிவிட்டார்கள். நானும் இன்னொரு வீட்டு அம்மாவும் சத்தம் போட்டுத்தான் அவர்களைத் தடுத்தோம். 118 அடி அணையில் தண்ணீர் நிறைந்து நிற்கிற நாளில், குளிப்பாட்டிவிட்டோம் என்று கணக்குக் காட்ட யாரோ பெற்ற பிள்ளையை ஆற்றில் இறக்குவதா?

வண்டியும் வெள்ளை போர்டுதான். வழியில் போலீஸ் நிறுத்தினால் சொந்தக்காரங்க என்று சொல்லச் சொன்னார் டிரைவர். வாடகைக்கு ஓட்ட மஞ்சள் போர்டும் பெர்மிட்டும் வேண்டும். சொந்த உபயோகத்துக்கான வண்டியை வாடகைக்கு ஓட்டி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிட வாய்ப்பு அதிகம்.

சாப்பாடு மூன்று மணிக்கு வந்தது. அதைப் பற்றி எழுதத் தோன்றவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "இயற்கை சார், நாங்க என்ன செய்ய முடியும்" என்று ஒரே பதில். மழைக்காக நான் பணம் கேட்கவில்லை. வாங்காத அனுமதிக்கும் கட்டாத கட்டணத்துக்கும்தான் கேட்டேன். அதன் பிறகு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. விளம்பரம், ஜிபே ரசீது, அந்த ராத்திரி மெசேஜ் மூன்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எதையும் அழித்துவிடாதீர்கள்.

நேற்று என் தங்கை போனுக்கு அதே விளம்பரம் வந்திருக்கிறது, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு, "அருவிக் குளியல் உறுதி" என்று. தடை இன்னும் நீங்கவில்லை. நெல்லை, பாளையங்கோட்டைப் பக்கம் யாராவது பணம் கட்டியிருந்தால், வனத்துறை அனுமதிச் சீட்டையும் வண்டியின் பெர்மிட்டையும் இன்றைக்கே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தராவிட்டால் அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.