இயற்பியல் வேதியியலில் பிஎச்.டி.: முழுநேரமா, பகுதிநேரமா?

கீழக்கரை, மண்டபம் பக்கம் வேதியியல் நடத்தும் ஆசிரியர்கள் பலருக்கும் இந்தத் தடுமாற்றம் உண்டு.

நுழைவு: இரண்டுக்கும் பொதுவாக முதுகலையில் 55 சதவீதம். பகுதிநேரத்துக்கு வேலையிடத்தின் தடையின்மைச் சான்றும் வேண்டும்.

காலம்: பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி இரண்டுக்கும் குறைந்தது 3 ஆண்டு. தொடக்கத்தில் படிக்கும் வகுப்புப் பாடங்கள், ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு எதிலும் சலுகை இல்லை.

பணம்: முழுநேரம் என்றால் ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை இருந்தால்தான் நிம்மதி. பகுதிநேரத்தில் சம்பளம் தொடரும், உதவித்தொகை கிடையாது.

ஆய்வகம்: முடிவைத் தீர்மானிப்பது இதுதான். நம் கடல்நீரில் எஃகு எப்படி அரிக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டுமா? தகட்டை நாட்கணக்கில் மூழ்கவைத்து, மின்வேதி மின்மறுப்பை (மாறுதிசை மின்னோட்டத்துக்கு அந்தத் தகட்டின் பரப்பு காட்டும் தடையை) திரும்பத் திரும்ப அளக்க வேண்டும். இடையில் அளவீடுகள் விட்டுப்போனால் அந்தத் தொடரில் ஓட்டை விழும். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்திலேயே அரிப்பு ஆய்வு நடத்துகிறது என்றாலும், சனி, ஞாயிறு மட்டும் போய்ச் செய்கிற வேலை இல்லை இது. குவாண்டம் வேதியியல் கணக்கீடு வேறு. வீட்டிலிருந்தே கணினியில் ஓட்டலாம்.

அதனால் சோதனை ஆய்வு என்றால், ஜேஆர்எஃப் வாங்கிக்கொண்டு முழுநேரம் போங்கள். குடும்பம் உங்கள் சம்பளத்தை நம்பியிருந்தால் பகுதிநேரம், அதுவும் கணக்கீட்டுத் தலைப்பில். வழிகாட்டியிடம் முதலிலேயே இதைப் பேசிவிடுங்கள்.