ஜார்ஜ்டவுனில் ரோமானிய வெள்ளிக்காசைப் படித்துச் சொல்லும் கடை

பழங்காசு விற்கும் கடைகள் பினாங்கில் உண்டு. ஆனால், நாம் கொண்டுசெல்லும் ரோமானிய வெள்ளிக்காசைக் கையில் வாங்கி, அது எந்தப் பேரரசருடையது, எந்தக் காலத்தது என்பதை நம் கண்ணெதிரிலேயே எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டும் கடை அரிது. லெபோ பந்தாயை ஒட்டிய சந்தில் உள்ள இச்சிறிய கடை, காசுக்கு முப்பது ரிங்கிட் பெற்றுக்கொண்டு அப்பணியைச் செய்கிறது.

நான் கொண்டுசென்றது பெரியப்பாவின் சேகரிப்பில் இருந்த தினாரியஸ் என்னும் ரோமானிய வெள்ளிக்காசு. கடைக்காரர் முகச்சாயலை மட்டும் பார்த்துத் தீர்ப்பு வழங்கவில்லை. விளிம்பைப் பிடித்து, பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில் சாய்த்து, இலைமுடி சூடிய தலையைச் சுற்றி ஓடும் தேய்ந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்தார். பின்பக்கத்தில் கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்த பெண்ணும், தலைமைப் பூசாரி என்னும் பட்டமும் இருந்ததால், அது பேரரசர் திபேரியஸ் வெளியிட்டது என்று உறுதியாயிற்று.

“இந்த வகையில் போலி அதிகம், தம்பி” என்று சொல்லி, வார்ப்புக் காசில் தென்படும் ஒட்டுக்கோடு விளிம்பில் உள்ளதா, காற்றுக்குமிழ்க் குழிகள் உள்ளனவா, வெள்ளி உரிந்த இடத்தில் செம்பு தெரிகிறதா என்று உருப்பெருக்கியில் எனக்கும் காட்டினார். எடை 3.7 கிராம். ஒரு ரோமானிய ராத்தலுக்கு 84 காசு என்றிருந்த அளவைப் பின்வந்த பேரரசர் நீரோ கி.பி. 64இல் 96 ஆக்கிக் காசின் எடையையும், வெள்ளியின் தரத்தையும் குறைத்தார் என்பதால், எடை பார்ப்பது வெறும் சடங்கன்று. கொங்கு நாட்டுப் புதையல்களில் அகஸ்டஸ், திபேரியஸ் காசுகளே மிகுதியாகக் கிடைத்திருப்பதையும் அவரே நினைவூட்டினார். நம்மவர்க்கு இது தனி மகிழ்ச்சி.

ஆண்டு பொறிக்காத காசுக்குக் காலம் கணிக்கும் முறையை அவர் விளக்கியதுதான் இச்சேவையின் சிறப்பு. பேரரசர் டிராஜனின் காசில், ரோமின் உயர் ஆட்சிப் பதவியான கான்சல் பதவியை ஐந்தாம் முறை ஏற்றவர் என்றிருந்தால் அது கி.பி. 103க்கும் 111க்கும் இடைப்பட்டது. ஆறாம் முறை என்றால் 112 அல்லது அதற்குப் பின். தலையில் சூரியக் கதிர் போன்ற கதிர்முடி இருந்தால், அது பெரும்பாலும் 215இல் பேரரசர் கரகல்லா அறிமுகப்படுத்திய பெரிய வெள்ளிக்காசின் வரிசையைச் சேர்ந்தது.

குறையும் உண்டு. கையில் தரும் சீட்டில் பேரரசர் பெயரும் காசின் வகையும் மட்டுமே இருக்கின்றன. எடையும் விட்டமும் நிழற்படமும் இல்லாத சீட்டு, பின்னாளில் அதே காசுதான் என்று நிறுவ உதவாது. நான் கேட்டபின் எடையை எழுதித் தந்தார், கேட்காமலே தரவேண்டும். சனிக்கிழமைகளில் கூட்டம் நெருக்கும், வார நாளில் காலையில் செல்லுங்கள். காசைத் துலக்கி மினுக்கிவிட்டுக் கொண்டுபோகாதீர்கள். தேய்ந்த எழுத்தின் கடைசித் தடமும் அதோடு அழிந்துவிடும்.