இடுப்பில் உலோகம் இருந்தால் சி.டி. எங்கே எடுப்பது? தஞ்சாவூரில் ஒரு ஸ்கேன் சென்டர்

அம்மாவுக்கு வலது இடுப்பில் மூட்டு மாற்று ஆபரேஷன் ஆனது. தொடைக்குள் டைட்டானியம் தண்டு, மேலே கோபால்ட் குரோம் உருண்டை. மறுபடி வலி வந்ததும், அந்த உருண்டை உட்காரும் கிண்ணம் ஆட்டம் கண்டிருக்கிறதா என்று பார்க்க டாக்டர் சி.டி. ஸ்கேன் எழுதினார். கும்பகோணம் பக்கம் ஓரிடத்தில் எடுத்தோம். ஃபிலிமில் இடுப்பைச் சுற்றி வெள்ளையும் கறுப்புமாக, வைக்கோலை உதறிப் போட்ட மாதிரி கோடுகள். பார்க்க வேண்டிய எலும்பே தெரியவில்லை. "உலோகக் கோடுகளைக் குறைக்கிற சாஃப்ட்வேர் இருக்கிற இடமாப் பார்த்து எடுங்க" என்றார் டாக்டர்.

அப்படித்தான் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் உள்ள இந்த இடத்துக்குப் போனோம். போனிலேயே "என்ன மெட்டல்? ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா?" என்று கேட்டார்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் கொண்டுவரச் சொன்னார்கள். எனக்கு அங்கேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

டெக்னீஷியன் ஒரத்தநாட்டுப் பையன். "பாட்டி, காலை அசைக்காம இருங்க, அவ்வளவுதான்" என்று அம்மாவைப் படுக்கவைத்தார். அப்புறம் ஸ்கிரீனில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். உலோகம் எக்ஸ்ரே கதிரை விழுங்கிவிடுகிறது. அந்தப் பக்கம் போய்ச் சேருவது கொஞ்சம்தான். அதை வைத்துக் கணக்குப் போடும்போதுதான் இந்தக் கோடுகள் விழுகின்றன. டைட்டானியம் பரவாயில்லை, கோபால்ட் குரோமும் ஸ்டீலும்தான் மோசமாம். கதிரின் வீரியத்தை 120-லிருந்து 140 கிலோவோல்ட்டுக்கு ஏற்றியிருக்கிறார். மிச்சத்தை சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்கிறது: உலோகத்தின் வழியே போன கதிரின் அளவை எடுத்துவிட்டு, அக்கம்பக்கத்து அளவை வைத்து நிரப்புகிறது. இரண்டாவது படத்தில் கிண்ணத்தின் விளிம்பும் அதை ஒட்டிய எலும்பும் பளிச்சென்று தெரிந்தன. கிண்ணம் ஒழுங்காகத்தான் இருந்தது. அதற்குக் கீழே இடுப்பெலும்பில் மெல்லிய விரிசல்.

எனக்குப் பிடித்தது அவர் அடுத்துச் சொன்னதுதான். "இது சில நேரம் இல்லாத நிழலையும் காட்டும், மெட்டலை ஒட்டின எலும்பை அழிச்சும் விடும் சார். அதனால சாதாரணப் படத்தையும் சேர்த்தேதான் டாக்டர் பார்க்கணும்." தன் சரக்கின் குறையைத் தானே சொல்கிற கடைக்காரரை எங்கே பார்க்கிறோம்?

இந்த சாஃப்ட்வேருக்குக் கம்பெனிக்கு ஒரு பெயர்: சீமென்ஸில் ஐமார், ஜி.இ.யில் ஸ்மார்ட் மார், பிலிப்ஸில் ஓ-மார், கேனனில் செமார். எங்கே எடுத்தாலும் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மெஷினில் இருக்கும் மூலத் தரவைக் கொஞ்ச நாளில் அழித்துவிடுவார்கள், கையில் தரும் டிஸ்க்கில் உள்ள படத்தை வைத்து இதைத் திரும்பச் செய்ய முடியாது. கேட்பதானால் அன்றைக்கே கேட்க வேண்டும்.

குறைகளும் உண்டு. கட்டணம் முதல் இடத்தைவிடக் கூடுதல். ரிப்போர்ட் மாலை என்றார்கள், இருட்டிய பிறகுதான் வந்தது. இரண்டு வகைப் படங்களும் உள்ள டிஸ்க்கை வாய்விட்டுக் கேட்டால்தான் தருகிறார்கள். வாசலில் படிக்கட்டு, சாய்வுப்பாதை கிடையாது. இடுப்பு வலிக்காரர் எப்படி ஏறுவார் என்று கட்டியவருக்குத் தோன்றவில்லை போலும். பின்பக்கம் ஸ்ட்ரெச்சர் வழி இருக்கிறது, செக்யூரிட்டியிடம் கேட்டால் திறந்துவிடுவார்.