அகத்தி தீவு ஹோம்ஸ்டே: ரூம் சுமார், சாப்பாடு சூப்பர்

லட்சத்தீவுக்கு பெர்மிட் இல்லாம போக முடியாது, டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே அதை பாத்துக்கோங்க. கொச்சியில இருந்து சின்ன பிளைட்டு, இறங்கறப்போ ரெண்டு பக்கமும் கடல்தான், ரன்வே எங்கடான்னு வயித்த கலக்கிரும். நாங்க தங்கின ஹோம்ஸ்டேல பாத்ரூம் தண்ணி லேசா உப்பு கரிக்குது, ஏசி பாதி ராத்திரில நின்னுபோச்சு, கேட்டா "இப்ப வந்துரும்"னு ஒரே பதில். ஆனா சாப்பாடு, அடடா! அன்னிக்கு பிடிச்ச சூரை மீனை தேங்காப்பால் ஊத்தி குழம்பு வெச்சாங்க பாருங்க, சோறு உள்ள போனதே தெரியல. வெளிய வந்தா முட்டியளவு தெளிஞ்ச தண்ணி, கடல்புல் மேயற ஆமை பக்கத்துலயே தலைய தூக்கி மூச்சு விட்டுட்டு போகுது, நம்மள கண்டுக்கவே இல்ல. சரக்கு எதிர்பாத்து போகாதீங்க. பவளப்பாறை மேல ஏறி போட்டோ எடுக்கறதும் வேணாம் ப்ளீஸ். ரேட் ஜாஸ்திதான், மழை சீசன்ல அவாய்ட் பண்ணிருங்க.