டிபி என்று மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். இருந்தது நுரையீரல் புற்றுநோய். திசுப் பரிசோதனை கேட்காமல் விடாதீர்கள்

சளியில் கிருமி எதுவும் கிடைக்காமலேயே உங்கள் வீட்டில் யாருக்காவது டிபி மருந்து தொடங்கியிருக்கிறார்களா? மருந்து சாப்பிட்டும் இருமல் குறையவில்லையா, எக்ஸ்ரே அப்படியே இருக்கிறதா? அப்படியென்றால் இதைக் கடைசிவரை படியுங்கள். என் அக்காவுக்கு அதுதான் நடந்தது. டிபி மருந்து சாப்பிட்ட அத்தனை மாதமும் அவர் நுரையீரலில் இருந்தது அடினோகார்சினோமா என்ற புற்றுநோய். சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. வீட்டிலும் யாரும் புகைத்ததில்லை. 'புகைக்காதவருக்கு நுரையீரலில் கேன்சரா' என்ற எண்ணமே பல டாக்டர்களின் கண்ணையும் மறைத்திருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். புகைக்காதவர்களுக்கு வரும் நுரையீரல் புற்றுநோயில் அதிகம் காணப்படுவது இந்த அடினோகார்சினோமாதான்.

மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. புகார் விசாரணையில் இருக்கிறது. என்ன நடந்தது, எந்த இடத்தில் தவறியது என்பதுதான் படிக்கிறவர்களுக்கு உதவும்.

ஆரம்பத்தில் இருந்தது வறட்டு இருமலும், படியேறினால் மூச்சு வாங்குவதும்தான். காய்ச்சல் இல்லை, இரவில் வியர்க்கவில்லை. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் பொடிப்பொடியாகப் புள்ளிகள். பார்த்தவுடனே 'மிலியரி டிபி' என்றார் டாக்டர். கிருமி ரத்தத்தில் கலந்து நுரையீரல் முழுக்கச் சிதறும் வகை அது. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை, கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனையிலும் இல்லை. "இந்த வகை டிபியில் சளியில் தெரியாமல் போவது சகஜம் அம்மா, மருந்தை ஆரம்பித்துவிடலாம்" என்றார்.

அவர் சொன்னது பொய் இல்லை. மிலியரி டிபியில் சளியில் கிருமி கிடைக்காமல் போவது உண்மையிலேயே சகஜம். சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் சந்தேகத்தின் பேரில் மருந்து தொடங்கியதை நான் குறை சொல்லவில்லை. தொடங்கிய பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதுதான் என் குறை. எத்தனை வாரத்தில் முன்னேற்றம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அடுத்து என்ன என்று யாரும் சொல்லவில்லை. மூச்சுக்குழாய்க்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோபி செய்து ஒரு துளி திசு எடுத்துப் பார்க்கலாம் என்ற பேச்சே வரவில்லை. ஒவ்வொரு முறை போனபோதும் "டிபி மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யும், பொறுமையாக இருங்கள்" என்ற அதே பதில்.

இதைவிடப் பெரிய அநியாயம் பிறகுதான் தெரிந்தது. மருந்து தொடங்கிய சமயத்திலேயே சிடி ஸ்கேன் எடுத்திருந்தார்கள். எங்கள் கையில் கொடுத்தது டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும், சிடி ரிப்போர்ட் அவர்கள் ஃபைலிலேயே தங்கிவிட்டது. வேறு இடத்துக்குப் போவதற்காகக் கேட்டு வாங்கிப் படித்தபோது, ஸ்கேன் பார்த்த கதிரியக்க நிபுணர் தெளிவாக எழுதியிருந்தார்: புள்ளிகளோடு சேர்த்து, இடது மேல் மடலில் சுமார் 3 செ.மீ. அளவில் ஓரங்கள் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கட்டி. புற்றுநோயாக இருக்கலாம், திசுப் பரிசோதனை தேவை. தேதியோடு, கையெழுத்தோடு இருந்தது. சம்மரியில் அந்தக் கட்டியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நுரையீரலில் ஒரு இடத்தில் தொடங்கிய அடினோகார்சினோமா ரத்தத்தில் கலந்து இரண்டு பக்கமும் சிதறினால், எக்ஸ்ரேயில் மிலியரி டிபி போலவே தெரியும். இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் உள்ள கட்டிகளில் இப்படிச் சிதறுவதை மருத்துவ இதழ்களில் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே இது யாராலும் ஊகிக்கவே முடியாத விஷயம் இல்லை. ஊகித்த ஒருவர் எழுதியும் வைத்தார், படிக்க வேண்டியவர் படிக்கவில்லை.

அடுத்து கண்ணுக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே அதுதான்.

மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே அக்காவுக்கு வலது கண் மங்கியது. நேர்க்கோடுகள் வளைந்து தெரிகின்றன என்றார். டிபி மருந்துகளில் எத்தாம்பியூட்டால் என்று ஒன்று உண்டு. அது பார்வை நரம்பைப் பாதிக்கக்கூடியது, எல்லா டாக்டர்களுக்கும் தெரியும். உடனே, "அந்த மாத்திரையின் பக்கவிளைவுதான், நிறுத்திவிட்டால் சரியாகும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கண் டாக்டரிடம் அனுப்பவே இல்லை.

எத்தாம்பியூட்டால் பாதிப்பு பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் சேர்ந்தே வரும். சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்துப் பார்ப்பது முதலில் தடுமாறும். அக்காவுக்கு ஒரே கண், நிறம் நன்றாகவே தெரிந்தது, கோடுதான் வளைந்தது. நாங்களாகவே ஒரு கண் மருத்துவரிடம் போனோம். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு அவர் நெடுநேரம் பார்த்தார். அப்புறம் ஸ்கேன் எடுத்தார். விழித்திரைக்குப் பின்னால் ரத்தக்குழாய்கள் நிறைந்த கோராய்டு என்ற படலம் இருக்கிறது. அதில் மஞ்சள் நிறத்தில் ஒரு மேடு, அதைச் சுற்றி நீர். "இது கண்ணில் தொடங்கிய நோயாகத் தெரியவில்லை. உடம்பில் வேறெங்கோ கட்டி இருந்து, அங்கிருந்து வந்திருக்கலாம். நுரையீரல் ஸ்கேன் எடுத்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். மாதக்கணக்கில் நெஞ்சு டாக்டர்கள் யாரும் எங்களிடம் சொல்லாத கட்டிச் சந்தேகத்தைக் கண் டாக்டர் சொன்னார். அந்த மருத்துவருக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

கோராய்டுக்குப் பரவும் புற்றுநோய்களில் மார்பகமும் நுரையீரலும்தான் முதல் இரண்டு இடத்தில் இருக்கின்றன. நுரையீரல் விஷயத்தில், உள்ளே கட்டி இருப்பது தெரிவதற்கு முன்பே கண் மங்கி வருகிறவர்களும் உண்டு. ஆகவே டிபி மருந்து சாப்பிடுகிறவருக்கு பார்வையில் எந்த மாற்றம் வந்தாலும் கண் மருத்துவர் பார்த்தாக வேண்டும். மருந்தால் வந்ததா வேறு எதனாலா என்பதை அவர் சொல்லட்டும்.

அந்த 3 செ.மீ. கட்டியில் ஊசி வைத்து பயாப்சி எடுத்தார்கள். அடினோகார்சினோமா என்று வந்தது. டிடிஎஃப்-1, நாப்சின்-ஏ என்ற இரண்டு சாயப் பரிசோதனைகளும் பாசிட்டிவ், அதாவது நுரையீரலிலேயே தொடங்கியது. வேறு உறுப்புகளுக்குப் பரவியிருந்ததால் நான்காம் நிலை.

இத்தோடு தொல்லை முடியவில்லை. அடுத்துப் போன புற்றுநோய் மையத்தில் முதல் சந்திப்பிலேயே, "நாளைக்கே கீமோவும் இம்யூனோதெரபியும் சேர்த்து ஆரம்பிக்கலாம், முன்பணம் கட்டிவிடுங்கள்" என்றார்கள். இம்யூனோதெரபி என்பது உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோயோடு போராட வைக்கும் மருந்து. கட்டியில் எந்த மரபணு மாறியிருக்கிறது என்று பார்க்கும் மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டாமா என்று கேட்டேன். "முடிவு வர வாரங்கள் ஆகும், அதுவரை நோய் காத்திருக்காது. வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று பதில். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பயந்துபோயிருக்கும் குடும்பம் அந்த இடத்தில் பணத்தைக் கட்டிவிடும். நாங்கள் ஒரு நாள் கேட்டு, இன்னொரு மருத்துவரிடம் போனோம்.

அவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் எவ்வளவு பெரிய ஆபத்திலிருந்து தப்பினோம் என்று புரிந்தது. இஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ள கட்டிகளில் இம்யூனோதெரபி பெரும்பாலும் சரியாக வேலை செய்வதில்லை. அதைப் போட்ட கொஞ்ச நாளில், இஜிஎஃப்ஆர் மாற்றத்தைக் குறிவைக்கும் ஒசிமெர்டினிப் மாத்திரைக்கு மாறினால் நுரையீரலில் கடுமையான அழற்சி வரும் வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே 'இப்போது இதைப் போடுவோம், முடிவு வந்ததும் மாற்றுவோம்' என்பது இந்த நோயில் சாதாரண விஷயம் கிடையாது. மூச்சே நின்றுவிடும் நிலையில் இருக்கும் நோயாளிக்கு அவசரம் வேறு. அப்போதுகூட மரபணு முடிவு வரும்வரை கீமோவை மட்டும் கொடுத்து, இம்யூனோதெரபியைத் தள்ளிவைக்க வழி இருக்கிறது. அக்கா நடந்துதான் உள்ளே போனார்.

இது புதுசாக வந்த ஆராய்ச்சியும் இல்லை. இஜிஎஃப்ஆர் மாற்றம் இருந்தால் ஜெஃபிடினிப் மாத்திரை நன்றாகக் கேட்கிறது என்று தெரிந்தது 2004-இல். 2009-இல் வெளியான ஐபாஸ் ஆய்வு, மாற்றம் உள்ளவர்களுக்கு மாத்திரை கீமோவைவிட மேல், மாற்றம் இல்லாதவர்களுக்கு அதே மாத்திரை கீமோவைவிட மோசம் என்று காட்டியது. பரிசோதிக்காமல் எந்தப் பக்கம் போனாலும் நோயாளிக்கு நஷ்டம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? 2018-இல் வந்த ஃப்ளாரா ஆய்வில், ஒசிமெர்டினிப் எடுத்தவர்களுக்கு நோய் கட்டுப்பட்டிருந்த காலத்தின் இடைநிலை 18.9 மாதம், பழைய மாத்திரைகளில் அது 10.2 மாதம். கிழக்கு ஆசியாவில் அடினோகார்சினோமா வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், ஐரோப்பா, அமெரிக்காவில் 10 முதல் 15 சதவீதம் பேருக்கும் இந்த மாற்றம் இருக்கிறது. இது இல்லாவிட்டால் ஏஎல்கே, ராஸ்-1, பிராஃப், மெட், ரெட், கேராஸ் என்று பார்க்க வேண்டிய மரபணுக்கள் இன்னும் பல. புகைக்காதவர் என்பதால் மட்டும் இல்லை, அடினோகார்சினோமா என்று வந்த எவருக்கும், நோய் பரவியிருந்தால், இதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் நடைமுறை.

பார்க்கப் போனால் அங்கேயும் ஒரு தடை. பயாப்சித் துணுக்கு சின்னது. அதை ஒவ்வொரு சாயப் பரிசோதனைக்கும் சீவிச் சீவி, திசுவைப் பதித்து வைக்கும் மெழுகுத் துண்டான பிளாக்கில் மிச்சமே இல்லை. மரபணுப் பரிசோதனைக்குத் திசு போதவில்லை என்று ஆய்வகம் திருப்பி அனுப்பியது. ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டிஎன்ஏவை வைத்துப் பார்த்தோம், அதில் எக்ஸான் 19 நீக்கம் என்ற இஜிஎஃப்ஆர் மாற்றம் கிடைத்தது. எங்களுக்கு அதிர்ஷ்டம். ரத்தத்தில் கிடைக்கவில்லை என்றால் மாற்றம் இல்லை என்று அர்த்தமாகாது. மறுபடி பயாப்சிதான் எடுக்க வேண்டியிருந்திருக்கும். ஆகவே பயாப்சிக்கு உள்ளே போகும் முன்பே, "மரபணுப் பரிசோதனைக்கும் சேர்த்துத் திசு எடுங்கள், பிளாக்கில் மிச்சம் வையுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். பிளாக்கையும் ஸ்லைடையும் வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோகக் கேட்டால் தர வேண்டும். எங்களை அதற்காகவும் அலையவிட்டார்கள்.

இன்னொன்று, இதை யாரும் தவறவிடக் கூடாது. பழைய மருத்துவமனையில், "கேன்சர் இருந்தாலும் இருக்கட்டும், டிபி கோர்ஸை நடுவில் நிறுத்தக் கூடாது, இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுங்கள்" என்றார்கள். டிபி மருந்துகளில் உள்ள ரிஃபாம்பிசின், கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதியை முடுக்கிவிடும். அதோடு ஒசிமெர்டினிப் சாப்பிட்டால் மாத்திரையின் பெரும்பகுதி வேலை செய்வதற்கு முன்பே சிதைந்துவிடும். ரத்தத்தில் அதன் அளவு கால் பங்குக்கும் கீழே போய்விடும். புது மருத்துவர் முதலில் கேட்டதே, அக்கா சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியலைத்தான். டிபி கல்ச்சர் முடிவை வரவழைத்துப் பார்த்தார். கிருமி வளரவில்லை. பயாப்சியிலும் டிபிக்கான அடையாளம் எதுவும் இல்லை. அதன் பிறகு டிபி மருந்தை நிறுத்தி, இந்த மாத்திரையைத் தொடங்கினார். நீங்களாக டிபி மருந்தை நிறுத்தாதீர்கள். இரண்டு நோயும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு, முடிவு மருத்துவருடையது.

இந்த நோய் வேறு வேஷங்களிலும் வருகிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அடுத்தடுத்து ஆன்டிபயாடிக் கொடுத்தும் கலையாத நிமோனியா, கூடவே கிண்ணம் கிண்ணமாக நீர் போன்ற சளி என்றால், அது காற்றுப்பைகளை நிரப்பிக்கொண்டே பரவும், சளி சுரக்கும் மியூசினஸ் வகை அடினோகார்சினோமாவாக இருக்கலாம். பெட் ஸ்கேனில்கூட இது மங்கலாகத் தெரிந்து ஏமாற்றும். மாறாக டிபி அதே ஸ்கேனில் பளிச்சென்று தெரிந்து கேன்சர் என்று பயமுறுத்தும், ஆகவே ஸ்கேனை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. விரல் நுனிகள் உருண்டு தடித்து, மணிக்கட்டும் கணுக்காலும் வலித்து, வாதம் என்று மருந்து சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். காரணமில்லாமல் காலில் மாறி மாறி ரத்தம் உறைவது இன்னொரு அறிகுறி. நெஞ்சில் கோத்த நீரை எடுத்துப் பார்த்து 'கேன்சர் செல் இல்லை' என்று வந்தாலும் அதோடு விட முடியாது. புற்றுநோயால் சேர்ந்த நீரிலும் ஒரே பரிசோதனையில் செல் கிடைக்காமல் போவது அடிக்கடி நடப்பதுதான்.

அக்கா இப்போது தினம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். இருமல் சில வாரங்களிலேயே அடங்கியது. கண்ணில் இருந்த மேடு சுருங்கிவிட்டது, படிக்க முடிகிறது. நகக்கண் வீங்குவதும் வயிற்றுப்போக்கும் தொல்லை கொடுக்கின்றன, சமாளிக்கிறார். நோய் கட்டுக்குள் இருக்கிறது, குணமாகவில்லை. ஒரு நாள் இந்த மாத்திரையும் கேட்காமல் போகலாம், அப்போது மறுபடி பயாப்சி எடுத்து என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். நோய் உறுதியான சமயத்தில் எடுத்த எம்ஆர்ஐயில் மூளையிலும் சிறிய புள்ளிகள் இருந்தன. அவை முதல் நாளே இருந்தனவா, டிபி மருந்து சாப்பிட்ட மாதங்களில் வந்தனவா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதுதான் எங்களால் தாங்க முடியாதது.

புகாருக்கு மருத்துவமனையிலிருந்து பதில் வந்திருக்கிறது. அன்றைக்குக் கையில் இருந்த தகவல்களின்படி சரியான முடிவே எடுக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறார்கள். கதிரியக்க நிபுணரின் ரிப்போர்ட்டும் அன்றைக்கு அவர்கள் கையில்தான் இருந்தது. தேதி தெரியும்படி அதன் நகலை இணைத்து, இதை யார், எப்போது படித்தார்கள், எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று எழுத்தில் கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.